ஐம்படைத்தாலி கழற்றாத வயது: உள்நாட்டுப் போர்களில் சிறார் போராளிகள்

ராமநாதபுரம் கரையோரத்தில் பத்து வயதுப் பிள்ளை இடுப்பில் தூக்கி வரும் தண்ணீர்க் குடம், ஏ.கே.47 துப்பாக்கியைவிடக் கனமானது. பத்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 10 கிலோ. தோட்டா நிரப்பிய துப்பாக்கி 5 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஊற்றுத் தண்ணிக்கும் லாரித் தண்ணிக்கும் வரிசையில் நின்று வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எவரும் அந்தத் துப்பாக்கியைச் சிரமமில்லாமல் தூக்கிவிடுவார்கள். போர்கள் பிள்ளைகளைத் தேடிப் போனதற்கு இந்தக் கனக்கணக்கும் ஒரு காரணம். வாளும் வேலும் தோள்வலு கேட்டன. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் ஊர் ஊராகப் பரவிய இலேசான தானியங்கித் துப்பாக்கிக்கு ஒரு விரல் போதும். 1996இல் மொசாம்பிக் நாட்டின் கிராசா மாஷேல் ஐ.நா. சபையிடம் கொடுத்த அறிக்கை இதையும் சுட்டிக்காட்டியது. போரில் குழந்தைகள் படும் பாட்டை உலகம் தனி விவகாரமாக எடுத்துப் பேசத் தொடங்கியது அந்த அறிக்கைக்குப் பிறகுதான்.

இந்த விஷயத்தில் தள்ளி நின்று பேச எங்கள் கரைக்கு உரிமை கிடையாது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இந்தக் கடலில் இரண்டு விதமான ஆட்கள் வந்தார்கள். வீடு எரிந்து, கட்டிய துணியோடு வந்த குடும்பங்கள் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் நடந்த பயிற்சி முகாம்களுக்குப் போக வந்த இளைஞர்கள் இன்னொரு பக்கம். அவர்களில் மீசை அரும்பாத பையன்களும் இருந்தார்கள். பிறகு 2006இல் திருகோணமலையிலும் மன்னாரிலும் மறுபடி ரத்தம் சிந்தத் தொடங்கியதும் படகுகள் திரும்ப வந்தன. இரவோடு இரவாக மணல் தீடைகளில் ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. அந்த முறை வந்த பெற்றோர் பலர் ஷெல்லடிக்கு அஞ்சினார்கள். சிலருக்கு அதோடு வேறொரு பயமும் இருந்தது: வளர்ந்துவிட்ட மகனையோ மகளையோ பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். ஒரே கடல். முதலில் பிள்ளைகள் போருக்காக இக்கரைக்கு வந்தார்கள். பின்னால் பிள்ளைகளைப் போருக்குக் கொடுக்க மாட்டோம் என்று பெற்றோர் அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் கதையை நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பேசாததற்கு நம் சொற்களே சாட்சி. "அவன் இயக்கத்துக்குப் போயிட்டான்" என்கிறோம். போனவன் அவன், முடிவு அவனுடையது, 13 வயது என்பது அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. அக்கரையில் இருந்தவர்களிடம் வேறொரு சொல் புழங்கியது: பிள்ளைபிடி. நம் பக்கத்தில் சோறு உண்ணாத குழந்தையை மிரட்ட மட்டும் பயன்பட்ட பிள்ளைபிடிகாரன், அங்கே வேனில் வந்தான், பள்ளிக்கூட வாசலில் நின்றான், கோயில் திருவிழாவில் கூட்டத்துக்குள் நடந்தான்.

யாரைச் சிறார் போராளி என்று சொல்வது? துப்பாக்கி ஏந்தியவரை மட்டும் எண்ணினால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். 2007இல் பாரிசில் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளின்படி, படையோடோ ஆயுதக் குழுவோடோ எந்த வேலைக்காகவும் சேர்க்கப்பட்ட 18 வயதுக்குட்பட்ட எவரும் இதில் அடக்கம். சோறாக்கியவர், மூட்டை சுமந்தவர், சேதி கொண்டுபோனவர், வேவு பார்த்தவர், பாலியல் கொடுமைக்காக வைத்திருக்கப்பட்டவர், எல்லோரும். பெண்பிள்ளைகளை நினைத்துத்தான் இந்த விரிவான வரையறை அவசியமாகிறது. போர் முடிந்து ஆயுதங்களைத் திருப்பிக் கேட்கும் நாளில் கையில் துப்பாக்கி இல்லாத சிறுமி எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை; பட்டியலில் ஏறாதவளுக்கு உதவித்தொகையும் இல்லை, பள்ளிச் சேர்க்கையும் இல்லை.

வயது வரம்பு இன்றைய இடத்துக்கு வரக் காலம் பிடித்தது. 1977இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறையும் 1989இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் 15 வயதில் நின்றுவிட்டன. மற்ற எல்லாவற்றுக்கும் 18 வயது வரை குழந்தை என்று சொன்ன அதே உடன்படிக்கை, போர் என்று வந்ததும் 3 வயதைக் கழித்துக்கொண்டது. அரசுகள் தங்கள் படைகளை நினைத்துப் பிடிவாதம் பிடித்ததன் விளைவு அது. 2000 மே மாதம் ஏற்கப்பட்டு 2002 பிப்ரவரி 12இல் நடைமுறைக்கு வந்த விருப்ப நெறிமுறைதான் 18ஐக் கொண்டுவந்தது. அரசல்லாத ஆயுதக் குழுக்கள் 18 நிரம்பாத எவரையும், தானாக வந்தாலும்கூட, சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. அரசுகளுக்குச் சற்றுச் சலுகை: 16 நிரம்பியவர்களை நிபந்தனைகளோடு சேர்க்கலாம், களத்துக்கு அனுப்பக் கூடாது. ஒரே வயதுக்கு இரண்டு அளவுகோல். எனக்கு இது சரியாகப் படவில்லை. பிப்ரவரி 12 இன்று சிறார் போராளிகளுக்கு எதிரான செங்கை நாளாக உலகெங்கும் நினைவுகூரப்படுகிறது. சிவப்பு மையில் உள்ளங்கையைத் தோய்த்துத் தாளில் பதித்து அரசுகளுக்கு அனுப்புவார்கள்.

தண்டனையும் வந்தது, பிந்தி வந்தது. 15 வயதுக்குட்பட்டவரைப் படையில் சேர்ப்பது போர்க்குற்றம் என்று 1998இன் ரோம் சாசனம் அறிவித்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2012 மார்ச்சில் வழங்கிய முதல் தீர்ப்பே இந்தக் குற்றத்துக்குத்தான்: காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா குற்றவாளி என்று; ஜூலையில் அவருக்கு 14 ஆண்டுச் சிறை விதித்தது. அந்த வழக்கில் நீதிபதிகள் சொன்ன ஒரு விஷயம் நமக்கு முக்கியமானது. பிள்ளை தானே விரும்பி வந்தது என்பது குற்றவாளிக்குத் தற்காப்பு ஆகாது.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டியிருக்கிறது. "தானா விரும்பிப் போனான்" என்பதுதான் நம் கரையில் நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். அதில் பொய் இல்லை. பலர் விரும்பியே போனார்கள். அப்பாவைச் சுட்டுக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவன், அக்காவுக்கு நேர்ந்ததைக் காதால் கேட்டவள், மூன்று முறை இடம்பெயர்ந்து நான்காவது மரத்தடியில் படித்தவன், இவர்களுக்குள் எரிந்தது நிஜமான நெருப்பு. அரசப் படைகளின் கொடுமை இல்லாமல் அந்த நெருப்பு இல்லை. ஆனால் ஒரு கல்யாணத்துக்கோ, ஒரு காணி விற்பனைக்கோ, ஒரு ஓட்டுக்கோ போதாது என்று நாம் ஒதுக்கும் 14 வயதுச் சம்மதம், சாவுக்கு மட்டும் எப்படிப் போதுமானதாகிறது? அதோடு அந்த விருப்பத்தை வளர்த்தவர்கள் பெரியவர்கள். பள்ளிகளில் உரை நிகழ்த்தியவர்கள், வீதி நாடகம் போட்டவர்கள், இறந்தவர்களின் படங்களை மாலையோடு வரிசையாக வைத்தவர்கள்.

அந்த மேடைகளுக்கு நம் பழம்பாட்டும் உதவியது. கணவனையும் தமையனையும் போரில் இழந்த பின்னும், ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் நீவி வேலைக் கையில் கொடுத்தனுப்பிய தாயைப் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். பள்ளியில் அதை வீரம் என்று மட்டுமே படித்தோம். அந்தத் தாயின் துணிவைப் பார்த்துச் "கெடுக சிந்தை" என்று தொடங்கும் பாட்டில் ஒரு நடுக்கமும் இருக்கிறது என்று எந்த வகுப்பிலும் கேட்டதாக நினைவில்லை. இன்னொரு புறப்பாட்டு எங்கள் பாண்டிய நாட்டுக்கே உரியது. தலையாலங்கானத்தில் வென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியது. சதங்கை கழற்றிய காலில் வீரக்கழல். பால் மறந்து சோறு உண்டதும் அன்றைக்குத்தான். குழந்தைக்குக் காவலாகக் கழுத்தில் கட்டிய ஐம்படைத்தாலியை இன்னும் கழற்றவில்லை. புலவர் வியக்கிறார், யார் இவன், வாழ்க என்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் வன்னியில் அதே கழுத்துகளில், ஐம்படைத்தாலி தொங்கிய இடத்தில், சயனைட் குப்பி தொங்கியது. தாலி பிள்ளை சாகக் கூடாது என்று கட்டியது. குப்பி, பிடிபட்டால் சாக வேண்டும் என்று கொடுத்தது. இதை எழுத எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்த மக்களுக்குச் சோறு போட்ட கரை இது. அவர்கள் கேட்ட நியாயம் நியாயம்தான் என்று நம்பும் கரை. நியாயமான கோரிக்கைக்காக என்றாலும் பிள்ளையைப் போரில் இறக்குவது நியாயமாகாது என்பதை அந்த நம்பிக்கையோடு சேர்த்தே சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

ஈழத்தில் இதை ஒரு தரப்பு மட்டும் செய்யவில்லை. 1989இல் இந்திய அமைதிப்படை வெளியேறும் தறுவாயில், அதன் ஆதரவோடு தமிழ்க் குழுவினர் சிலர் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் வடகிழக்கில் இளைஞர்களைத் தெருவில் பிடித்துச் சேர்த்தார்கள். பள்ளி மாணவர்களும் அகப்பட்டார்கள். அந்தப் பாவத்தில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு, தமிழ்நாட்டில் அதைக் கேட்பாரில்லை. விடுதலைப் புலிகள் 1998 மே மாதம் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னுவிடம், 17 நிரம்பாதவரைச் சேர்ப்பதில்லை, 18 நிரம்பாதவரைக் களத்தில் இறக்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். சேர்ப்பு நிற்கவில்லை. போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், யுனிசெஃப்போடு செயல்திட்டம் ஒப்பமாகிக் கிளிநொச்சியில் விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்கான இடைத்தங்கல் நிலையமும் திறந்தது. ஒரு பக்கம் விடுவிப்பு, மறுபக்கம் புதுச் சேர்ப்பு. சுனாமிக்குப் பிறகு அகதி முகாம்களிலிருந்தும் பிள்ளைகள் எடுக்கப்பட்டதை யுனிசெஃப் பதிவு செய்தது. 2003 முதல் 2008 முடிய அது பதிந்த மொத்த எண்ணிக்கை 6,000க்கு மேல். பெற்றோர் துணிந்து வந்து சொன்னவை மட்டுமே அதில் உண்டு.

2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தபோது கிழக்கில் ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பினார்கள். அவர்களில் சிறார் நிறைய. மட்டக்களப்புத் தாய்மார் சில நாட்கள் மூச்சுவிட்டிருப்பார்கள். பிறகு புலிகள் திரும்ப அழைக்க வந்தார்கள்; அடுத்து கருணா அணியே பிள்ளை பிடிக்கத் தொடங்கியது, அதுவும் அரசக் கட்டுப்பாட்டுப் பகுதியில். பாதுகாப்புப் படையினரில் ஒரு பகுதியினர் அதற்கு உதவினார்கள் என்று 2006 நவம்பரில் ஐ.நா. பிரதிநிதி ஆலன் ராக் வெளிப்படையாகச் சொன்னார். சிறார் படைக்கு எதிராக உலக மேடைகளில் பேசிய அரசின் நிழலிலேயே அது நடந்தது.

கடைசிக் காலம் வேறு மாதிரி. வன்னியில் வீட்டுக்கொருவர் என்ற விதி, பின்னால் அதுவும் போதாமல் போயிற்று. கல்யாணம் ஆனவரை எடுக்க மாட்டார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அவசரத் தாலி ஏறியது. வீட்டுக்குள் குழி வெட்டி மகனை மறைத்தவர்கள் உண்டு. இறுதி மாதங்களில் 14 வயதுப் பிள்ளைகள் வரை பிடிக்கப்பட்டதை ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011இல் எழுதிவைத்தது. மருத்துவமனைகள் மீதும் மக்கள் நெருக்கிய பாதுகாப்பு வலயங்கள் மீதும் அரசப் படைகள் குண்டு பொழிந்ததையும் அதே அறிக்கைதான் எழுதிவைத்தது. இரண்டையும் படிக்கத் தயாராக இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவரவருக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக்கொள்கிறோம்.

இது ஈழத்தோடு முடிந்த கதையும் இல்லை. கொலம்பியாவில் 1996 முதல் 2016 வரை ஃபார்க் என்ற கிளர்ச்சி இயக்கம் 18,677 சிறாரைச் சேர்த்ததாக அந்நாட்டின் அமைதிக்கான சிறப்பு நீதிமன்ற அமைப்பு 2021இல் கணக்கிட்டது. 2005 முதல் 2022 வரை உலகெங்கும் ஐ.நா. சரிபார்த்த எண்ணிக்கை 1,05,000க்கு மேல். 2023இல் மட்டும் 8,655. தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நீண்ட போர், ஆள் பற்றாக்குறை, மூடிய பள்ளி, பிரிந்த குடும்பம், பசி. தளபதிகளுக்குச் சிறுவன் மலிவு. சம்பளம் கேட்க மாட்டான், சொன்னதைச் செய்வான், சாவு என்பதன் முழு அர்த்தம் அவனுக்கு இன்னும் விளங்கியிருக்காது.

போர் முடிந்த பின் நடப்பதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நேபாளத்தில் மாவோயிஸ்டுகளின் முகாம்களிலிருந்து 2010 தொடக்கத்தில் சிறாராகச் சேர்ந்தவர்கள் என்று சரிபார்க்கப்பட்ட 2,973 பேரை அனுப்பிவைத்தார்கள். அவர்களுக்கு ஒட்டிய பெயர் 'அயோக்ய'. நேபாளியில் தகுதியற்றவர் என்று பொருள்; தமிழில் அந்தச் சொல் எங்கே போய் நின்றது என்பது நமக்குத் தெரியும். அவர்கள் காதிலும் ஏறக்குறைய நம் பொருளில்தான் விழுந்திருக்க வேண்டும். வயது குறைவு என்று காப்பாற்ற வந்த ஏற்பாடு, நீ லாயக்கில்லை என்று சொல்லி அனுப்பியதுபோல் ஆயிற்று. உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் ஏறத்தாழ 9 வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் ஆயுதக் குழுவால் கடத்தப்பட்டு, வளர்ந்து அதே குழுவின் தளபதியாகி, மற்றப் பிள்ளைகளைக் கடத்தினார். 2021இல் அவருக்கு 25 ஆண்டுத் தண்டனை. அவருடைய சிறுவயதுத் துயரத்தை நீதிபதிகள் தண்டனையைக் குறைக்க எடுத்துக்கொண்டார்களே தவிர, குற்றமற்றவர் என்று விடவில்லை. அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை. சியரா லியோனில் முன்னாள் சிறார் போராளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் கண்டது எளிமையானது. களத்தில் பட்டதைப் போலவே, ஊர் திரும்பிய பின் அண்டை அயலார் எப்படி நடத்தினார்கள் என்பதும் அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்தது. குடும்பம் சேர்த்துக்கொண்டவர்கள் தேறினார்கள். ஊராரால் தூற்றப்பட்டவர்கள் ஒடுங்கிப்போனார்கள்.

இலங்கையில் 2009க்குப் பின் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்ட சிறார் 594 பேர். பிடிபட்ட தொகைக்கு முன்னால் இது சொற்பம். மிச்சப்பேர் செத்தார்கள், காணாமல் போனார்கள், வயதைக் கூட்டிச் சொல்லப்பட்டுப் பெரியவர்களோடு அடைபட்டார்கள், தப்பினார்கள். தப்பியவர்களில் சிலர் இங்கேயும் வந்திருப்பார்கள்.

மண்டபம் முகாமுக்குப் பழைய வரலாறு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. 1964இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்களும், 1983 முதல் ஈழ அகதிகளும் அதே வாசலில் பெயர் பதிந்தார்கள். இன்றைக்கும் கரையேறுபவரை மரைன் போலீஸ் கூட்டிவரும், காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு விசாரிக்கும். 1992 மே மாதத்திலிருந்து புலிகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. "இயக்கத்தில் இருந்தாயா?" என்ற கேள்விக்கு, 14 வயதில் தெருவில் பிடிக்கப்பட்டு 4 மாதம் பதுங்கு குழி வெட்டியவர் என்ன பதில் சொல்வார்? இல்லை என்றுதான். ஆம் என்று சொன்னால், அடைத்துவைக்கும் சிறப்பு முகாம் வரலாம், பதிவு நிற்கலாம், வெளிநாடு போன உறவினருக்குச் சிக்கல் வரலாம். அந்த ஒரு 'இல்லை' பிறகு வாழ்நாள் முழுக்க நீள்கிறது. மனைவியிடமும் இல்லை, மருத்துவரிடமும் இல்லை. இரவில் அலறி எழுவதற்குக் காரணம் கேட்டால் வேறு ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது.

காவல்துறை கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு அவர்கள் வேலை. கேட்பதற்கு முன்னால் வயதைக் கணக்குப் போடலாம். எந்த ஆண்டு, அப்போது வயது என்ன என்பதை முதலில் எழுதினால், 18க்குக் கீழ் இருந்தவரிடம் அடுத்த கேள்வி மாறும். நம் நாட்டுச் சட்டமே இந்தக் கண்ணோட்டத்துக்கு வழி வைத்திருக்கிறது. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், 83ஆம் பிரிவின்படி, பிள்ளையைச் சேர்த்த தீவிரவாதக் குழுவுக்குத்தான் தண்டனை: 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் அபராதம். பிள்ளை அங்கே பாதிக்கப்பட்டவர். பாரிஸ் கோட்பாடுகளும் அதையே சொல்கின்றன.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி வீடுகள், கல்வி உதவி என்று அறிவித்தது. நல்ல காரியம். வீடு கட்டும்போது மனநலத்துக்கும் ஓர் அறை வேண்டும், அதில் உட்காருபவர் எழுதும் குறிப்பு விசாரணைக் கோப்புக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் எந்த ஆலோசகர் வந்தாலும் யாரும் வாய் திறக்கப்போவதில்லை.

2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது அரிச்சல்முனைத் தீடைகளுக்கு மறுபடி படகுகள் வந்தன. இம்முறை துரத்தியது அரிசி விலையும் பால்மாவும். அந்தப் பெற்றோரில் பலருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பிள்ளைபிடி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர்கள் எட்டாவது, பத்தாவது படித்திருக்க வேண்டியவர்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் அதே வகுப்புகளை நெருங்குகிறார்கள், எங்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அந்த அப்பா, பையன் பள்ளி விட்டு வர அரைமணி தாமதமானால் ஏன் வாசலுக்கே ஓடி வந்துவிடுகிறார் என்று ஆசிரியர் ஒருவர் கேட்கும் நாளில், அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார நேரம் இருக்க வேண்டும்.